அட்டவணை சொல்லும் தண்ணீரும் ஆற்றில் நிற்கும் தண்ணீரும்



கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று முன்கூட்டியே கணித்து, அந்தக் கணிப்பை வைத்துக் கப்பலை உள்ளே எடுப்பதும் வெளியே அனுப்புவதும் எப்படி என்பதே இன்றைய பொருள். நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரங்களுக்கும் மாதங்களுக்கும் முன்பே திட்டமிட கடலின் இந்த ஏற்றத்தையும் வற்றத்தையும் கணித்துத் தரும் ஓத அட்டவணைக்கு நிகரான கருவி கிடையாது. கப்பல் நகரத் தொடங்கிய பிறகு நம்ப வேண்டியது, அந்த இடத்தில் அந்த நேரத்தில் அளந்த நீர்மட்டத்தை. இந்த இரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டுக்கும் எவ்வளவு வேறுபாடு வரும், ஏன் வரும் என்று தெரிந்துவைத்திருக்கும் துறைமுகம் பிழைக்கிறது. அளப்பதைக் கைவிட்ட துறைமுகத்தில் கணிப்பும் நாளடைவில் பழுதாகிவிடும்.

நம் நாட்டில் இதைக் கண்கூடாகக் காண வேண்டுமானால் ஹூக்ளி ஆற்றுக்குத்தான் போக வேண்டும். கொல்கத்தாத் துறைமுகம் கடலோரத்தில் இல்லை. சாண்ட்ஹெட்ஸ் என்னும் கடல் முகப்பிலிருந்து ஆற்றுவழியே சுமார் 230 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அந்த வழி நெடுகிலும் மணல்திட்டுகள். அவற்றுள் ஒன்றுக்கு 'ஜேம்ஸ் அண்ட் மேரி' என்று பெயர். 1694இல் அங்கே மூழ்கிய ஒரு கப்பலின் பெயர் அது. திட்டுகள் இடம் மாறும். நேற்று ஆழமாக இருந்த இடம் அடுத்த பருவத்தில் மேடாகும். இந்த ஆற்றில் கப்பல் ஓட்டுவதற்கென்றே பதினேழாம் நூற்றாண்டிலிருந்து தனிப் பைலட்டுகள் இருந்து வருகிறார்கள். 1892இல் கிடர்பூர் டாக் திறக்கப்பட்டபோதும் சரி, 1977இல் கடலுக்கு அருகே ஹால்தியா டாக் திறக்கப்பட்டபோதும் சரி, அடிப்படைப் பிரச்சினை ஒன்றுதான்: பெரிய கப்பலுக்கு வேண்டிய ஆழம் ஆற்றில் நாள் முழுவதும் கிடைப்பதில்லை. ஏற்றத்தின் உச்சியை ஒட்டிய சில மணி நேரம் மட்டுமே கிடைக்கிறது.

அது எப்படிக் கணக்காகிறது என்று மாணவர்களுக்காகச் சொல்கிறேன். எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை, கணக்குப் போடும் முறைதான் முக்கியம். ஆற்றின் குறுக்கே ஒரு மேடு இருக்கிறது. கடல் வரைபடத்தில் அதன் ஆழம் 5 மீட்டர். வரைபடம் எப்போதும் மிகத் தாழ்ந்த நீர்மட்டத்திலிருந்து அளந்த ஆழத்தையே காட்டும். ஏமாற்றம் நேர்ந்தால் அது நல்ல பக்கமாகவே இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி வைத்தார்கள். பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் 4.6 மீட்டர் வரும் என்று அட்டவணை சொல்கிறது. ஆக மேட்டின் மேல் 9.6 மீட்டர் தண்ணீர். கப்பல் கடலில் 8 மீட்டர் அமிழ்ந்திருக்கிறது. இதைத்தான் துறைமுகத்தில் டிராஃப்ட் என்பார்கள். ஆற்றுநீர் உப்புக் குறைந்தது என்பதால் கப்பல் இன்னும் 15 சென்டிமீட்டர் அமிழும். ஆழம் குறைந்த நீரில் ஓடும்போது கப்பல் தானாகவே கீழே இழுபடும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் இந்த அமிழ்வு ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதற்கு 40 சென்டிமீட்டர் வைப்போம். சாய்வு, அலை, ஆழம் அளந்ததில் இருக்கக்கூடிய பிழை இவற்றுக்கு 25. இதற்கெல்லாம் மேலே, அடித்தட்டுக்குக் கீழே எந்த நிலையிலும் இருந்தே தீர வேண்டிய தண்ணீர் 60. மொத்தத் தேவை 9.4 மீட்டர். இருப்பது 9.6. கப்பல் வரலாம், 20 சென்டிமீட்டர் மிச்சத்தோடு.

இதே கப்பல் ஒரு வாரம் கழித்து, அஷ்டமியை ஒட்டி வருகிறது என்று வையுங்கள். அன்று ஏற்றம் 3.5 மீட்டர்தான். மேட்டின் மேல் 8.5 மீட்டர் தண்ணீர். 90 சென்டிமீட்டர் குறைகிறது. 225 மீட்டர் நீளமுள்ள ஒரு சரக்குக் கப்பல் ஒரு சென்டிமீட்டர் எழ வேண்டுமானால் ஏறக்குறைய 67 டன் சரக்கைக் குறைக்க வேண்டும். 90 சென்டிமீட்டர் என்றால் 6,000 டன். இந்தக் கப்பலில் வரும் நிலக்கரி ஆஸ்திரேலியாவில் ஏற்றப்படுகிறது என்று வையுங்கள். கப்பல் இங்கே வந்து சேர வாரங்கள் ஆகும். எவ்வளவு ஏற்றுவது என்பதை ஏற்றும் இடத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். வந்து சேரும் நாள் என்ன, அன்று ஹூக்ளியில் ஏற்றம் எவ்வளவு என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். ஓத அட்டவணை இல்லாமல் இந்த வணிகமே இல்லை என்று நான் சொல்வது அதனால்தான். ஹால்தியாவுக்கு வரும் பெரிய கப்பல்கள் பல, பாரதீப்பிலோ விசாகப்பட்டினத்திலோ ஒரு பகுதிச் சரக்கை இறக்கி, எடை குறைந்து, அதன் பிறகே ஆற்றுக்குள் நுழைகின்றன.

ஆழம் மட்டும் போதுமா என்றால் போதாது. ஏற்றம் ஆறு முழுவதும் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஆற்றின் கடல் முகத்திலுள்ள சாகர் தீவில் உச்சம் வந்து சில மணி நேரம் கழித்தே கொல்கத்தாவில் வரும். மேலே போகப்போக ஏறும் நேரம் சுருங்கி, வற்றும் நேரம் நீளும். உள்ளே வரும் கப்பல் ஏற்றத்தோடு சேர்ந்தே பயணிக்கலாம். ஒரு மேட்டைக் கடந்து அடுத்த மேட்டுக்கு வரும்போது அங்கேயும் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். வெளியே போகும் கப்பலுக்கு அந்த வசதி இல்லை. அது ஏற்றத்தை எதிர்கொண்டு போகிறது. முதல் மேட்டில் தண்ணீர் போதுமான அளவுக்கு வரும்வரை காத்திருந்தால், கடைசி மேட்டை அடைவதற்குள் அங்கே வற்றத் தொடங்கிவிடும். ஆகவே வெளியே போகும் கப்பலுக்குக் கிடைக்கும் நேர இடைவெளி மிகக் குறுகியது. ஜெர்மனியின் எல்ப ஆற்றில், ஹாம்பர்க் துறைமுகத்திலும் இதே நிலைதான். ஹூக்ளியில் நடுவழியில் டயமண்ட் ஹார்பர் பக்கம் நங்கூரமிட்டு அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்கும் கப்பல்களைப் பார்த்தால், அவை சும்மா நிற்கின்றன என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கணக்கின் நடுவே நிற்கின்றன.

இந்த ஆற்றில் இன்னொன்றும் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பேரோத நாட்களில், ஏற்றத்தின் முன்முனை சுவர்போல எழுந்து ஆற்றை எதிர்த்து மேலே ஓடிவரும். கட்டியிருக்கும் படகுகளையும் கப்பல்களையும் கயிற்றை அறுத்துக்கொண்டு போக வைக்கும் வலிமை அதற்கு உண்டு. அது வரக்கூடிய நாட்களையும் துறைமுகம் முன்கூட்டியே அறிவிக்கிறது. அதுவும் ஓதக் கணிப்பின் பயன்தான்.

இந்தக் கணிப்பு எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் லிவர்பூலில் வில்லியம் ஹட்சின்சன் என்னும் டாக் மேற்பார்வையாளர் இருந்தார். 1764 முதல் 1793 வரை அவர் ஏற்றத்தின் உயரத்தையும் நேரத்தையும் இரவும் பகலும் குறித்துவைத்தார். அவருடைய தொடக்கக் குறிப்புகளைக் கொண்டுதான் 1770இல் ஹோல்டன் குடும்பத்தார் லிவர்பூல் ஓத அட்டவணையை வெளியிட்டார்கள். ஒரு மனிதர் அளந்தார். அதன் பிறகே இன்னொருவரால் கணிக்க முடிந்தது. இந்த வரிசை இன்றுவரை மாறவில்லை.

அடுத்த நூற்றாண்டில் கெல்வின் பிரபுவாகப் பின்னர் அறியப்பட்ட வில்லியம் தாம்சன், ஓதத்தைப் பல சீரான அசைவுகளின் கூட்டாகப் பிரித்தார். நிலவால் வரும் முதன்மை அசைவு 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு சுற்று. சூரியனால் வருவது சரியாக 12 மணிக்கு ஒரு சுற்று. இந்த இரண்டும் சேரும்போது அமாவாசை, பௌர்ணமிப் பேரோதம். ஒன்றுக்கொன்று எதிராகும்போது அஷ்டமிச் சிற்றோதம். நிலவின் தூரம் மாறுவதால் ஒன்று, அதன் சாய்வு மாறுவதால் இன்னொன்று என்று பட்டியல் நீளும். ஒவ்வொரு அசைவின் சுற்றுக்காலமும் வானியலிலிருந்து துல்லியமாகக் கிடைத்துவிடும். ஆனால் ஒரு குறிப்பிட்ட துறைமுகத்தில் அந்த அசைவு எவ்வளவு உயரம், எவ்வளவு தாமதம் என்பதை வானியல் சொல்லாது. கரையின் வளைவும் அடித்தரையின் ஆழமும் தீர்மானிக்கும் செய்தி அது. அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு முழு ஆண்டு இடைவிடாமல் அளந்தால் நல்ல மதிப்புகள் கிடைக்கும். நிலவுப் பாதையின் 18.6 ஆண்டுச் சுழற்சியையும் நேரில் பதிவு செய்ய விரும்பினால் ஒரு பணியாளரின் பணிக்காலத்தில் பாதி அதிலேயே போய்விடும்.

இந்தியாவில் இந்த வேலையைத் தொடங்கியவர்களை நம் பாடநூல்கள் மறந்துவிட்டன. ராணுவப் பொறியாளர் ஏ. டபிள்யூ. பேர்ட் 1870களில் கட்ச் வளைகுடாவில் தானே பதியும் ஓதமானிகளை நிறுவினார். 1877 முதல் இந்திய நில அளவைத் துறை துறைமுகங்களில் முறையாக அளக்கத் தொடங்கியது. 1879இல் இந்தியத் துறைமுகங்களுக்கென்றே ஒரு கணிப்பு இயந்திரம் லண்டனில் எட்வர்ட் ராபர்ட்ஸின் வடிவமைப்பில் செய்யப்பட்டது. கப்பிகளும் பற்சக்கரங்களும் சேர்ந்து ஓர் ஆண்டின் ஓதத்தைக் காகிதத்தில் கோடாக வரையும். மின்கணினி வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நம் துறைமுகங்களுக்கு இயந்திரம் கணக்குப் போட்டது. சார்ல்ஸ் டார்வினின் மகன் ஜார்ஜ் டார்வின், இந்தியக் கடல்களுக்கென்றே வரைபட ஆழத்தின் அடிமட்டம் ஒன்றை வரையறுத்தார். இந்தியாவின் பெயரைச் சொல்லும் அந்த அடிமட்டம் இன்றும் உலகக் கடலியல் நூல்களில் இருக்கிறது.

இதில் நாகப்பட்டினத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் பகுதியில் கடலடி நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் ஆழிப்பேரலையை வங்கக் கடலைச் சுற்றியிருந்த ஓதமானிகள் பதிவு செய்தன. நாகப்பட்டினம் ஓதமானியும் அவற்றுள் ஒன்று. கப்பலுக்காக வைத்த கருவி, யாரும் எதிர்பாராத ஒன்றைப் பதிந்தது. நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கோடுகளை வைத்தே அறிஞர்கள் அந்த நிலநடுக்கத்தின் அளவை மதிப்பிட்டார்கள்.

இனி அட்டவணைக்குத் தெரியாதவை. அதற்கு நிலவையும் சூரியனையும் தெரியும்; பருவத்தோடு வரும் சராசரி ஏற்றத்தாழ்வும் ஓரளவு தெரியும். நாளைய காற்று தெரியாது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் எழும். கூடினால் அதே அளவு தாழும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் பலத்த காற்று நீரை வெளியே தள்ளிவிடும். புயல் வெள்ளத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். கப்பலுக்கு இன்னும் ஆபத்தானது அதற்கு நேர் எதிரானது: அட்டவணை சொன்னதைவிடத் தண்ணீர் குறைந்துபோவது. முன்பு போட்ட கணக்கில் நம் கையில் மிஞ்சியது 20 சென்டிமீட்டர். ஏற்றம் 30 சென்டிமீட்டர் குறைவாக வந்தால் அந்த மிச்சமும் போய், இருந்தே தீர வேண்டிய தண்ணீரிலும் 10 சென்டிமீட்டர் போய்விடுகிறது. கப்பல் தரை தட்டாமல் தப்பிக்கலாம். அப்படித் தப்பித்ததைத் திறமை என்று எந்தப் பைலட்டும் சொல்ல மாட்டார்.

அதைவிட மெதுவாக, கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது வேறொன்று. தூர்வாரினால் ஆழம் கூடும் என்று மட்டுமே நினைக்கிறோம். ஆற்றின் வடிவம் மாறினால் ஓதமே மாறும். ஹாம்பர்க்கில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு சுமார் 2 மீட்டர். இன்று அது 3.5 மீட்டருக்கும் மேல். கால்வாயை ஆழப்படுத்தியதும் கரைகளை மாற்றிக் கட்டியதும் அதற்கு முக்கியக் காரணங்கள். பழைய அளவீட்டிலிருந்து பெற்ற உயர, தாமத மதிப்புகளைப் புதிய ஆற்றுக்குப் பயன்படுத்தினால் விடை தவறும். கால்வாயைத் தோண்டச் செலவிடும் நிறுவனம், அதன் பிறகு ஓராண்டு ஓதத்தை அளக்கவும் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உலகில் இதை நன்றாகச் செய்யும் இடங்கள் இருக்கின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் ஹெட்லண்டில் மிகப் பெரிய பேரோத நாட்களில் தண்ணீர் 7 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். இரும்புத் தாது ஏற்றிய பெருங்கப்பல்கள் ஒரே ஏற்றத்தில் அடுத்தடுத்து வரிசையாக வெளியேறுகின்றன. கால்வாய் சுமார் 40 கிலோமீட்டர் நீளம். வரிசையில் ஒவ்வொரு கப்பலும் எந்த நேரத்துக்குக் கிளம்புகிறதோ, அதைப் பொறுத்து அது எவ்வளவு அமிழலாம் என்று தனித்தனியாகக் கணக்கிடுகிறார்கள். நடுவழியில் ஒரு கப்பலின் இயந்திரம் நின்றுவிட்டால், பின்னால் வரும் கப்பல்களின் கீழே தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும். நம் ஊர்த் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தை விட்டு விலகாமல் கூடவே நடப்பதுபோல, இழுவைக் கப்பல்கள் கூடவே போவது அதனால்தான். இத்தகைய பெருங்கப்பலில் 10 சென்டிமீட்டர் என்பது 1,200 டன் தாது. நீர்மட்டத்தைச் சரியாக அறிந்தால் கிடைக்கும் பணம் அது.

அதே நாட்டின் ஹே பாயின்ட் துறைமுகத்தில் 1993இல் ஒரு புதிய முறை வந்தது. எல்லாக் கப்பலுக்கும், எல்லா நாளுக்கும் ஒரே இடைவெளி என்ற நிலையான விதிக்குப் பதிலாக, அன்றைய நீர்மட்டம், அன்றைய அலை, அந்தக் கப்பலின் வேகம், வடிவம் எல்லாவற்றையும் சேர்த்து அடித்தட்டுக்குக் கீழே எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று கணினி சொல்லும். நல்ல நாளில் கூடுதல் சரக்கு ஏற்றலாம். கெட்ட நாளில், பழைய விதிப்படி போகலாம் என்றிருக்கும் கப்பலை இந்தக் கணக்கு நிறுத்திவைக்கும். இரண்டாவதுதான் என் பார்வையில் பெரிய பயன். 1992 ஆகஸ்டில் குவீன் எலிசபெத் 2 என்னும் புகழ்பெற்ற பயணிகள் கப்பல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையருகே பாறையில் உரசியது. வரைபடத்தில் இருந்ததைவிட அங்கே ஆழம் குறைவு. வேகத்தால் கப்பல் எதிர்பார்த்ததைவிட அதிகமாக அமிழ்ந்திருந்தது. நாம் போட்ட கணக்கில் வேகத்துக்காகத் தள்ளிவைத்த அந்த 40 சென்டிமீட்டர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நீர்மட்டம் துறைமுகத்தில் தொடாத வேலை இல்லை. தண்ணீர் இறங்கும்போது கட்டுக்கயிறுகளைத் தளர்த்த வேண்டும், ஏறும்போது இறுக்க வேண்டும். வாகனங்கள் ஏறி இறங்கும் சாய்தளத்தின் கோணம் மாறும். பாலத்தின் கீழே போகும் உயரமான கப்பல் வற்றத்துக்காகக் காத்திருக்கும். குஜராத்தின் அலங்கில் உடைக்கப்படும் கப்பல்கள் பேரோத நாளில் முழு வேகத்தில் கரையேற்றப்படுகின்றன. தரை தட்டிய கப்பலை மீட்பவர்கள் முதலில் புரட்டுவது பஞ்சாங்கத்தைத்தான். 2016 பிப்ரவரியில் எல்ப ஆற்றில் சிக்கிய 400 மீட்டர் நீளக் கொள்கலன் கப்பல் ஆறு நாட்களுக்குப் பின் பேரோதத்தில் விடுபட்டது. 2021 மார்ச் 23இல் சூயஸ் கால்வாயை அடைத்த எவர் கிவன் கப்பல் மார்ச் 29இல் மிதந்தது. பௌர்ணமி 28ஆம் தேதி. தூர்வாரும் இயந்திரங்களும் இழுவைக் கப்பல்களும் நாள்தோறும் உழைத்தன. அந்தப் பௌர்ணமிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற கணக்கோடு உழைத்தன.

நம் கரைக்கு வருகிறேன். சென்னையில் பேரோதமே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். தூத்துக்குடியில் அதைவிடக் குறைவு. கொழும்பில் இன்னும் குறைவு. அதனால் ஓதம் நமக்குப் பொருட்டில்லை என்ற எண்ணம் நம் துறைமுக வட்டாரங்களில் பரவலாக இருக்கிறது. இது தவறு என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஓதம் சிறிதாக இருக்கும் இடத்தில், மொத்த மாற்றத்தில் காற்றுக்கும் பருவத்துக்கும் உள்ள பங்கு பெரிதாகிவிடுகிறது. வங்கக் கடலின் மேற்குக் கரையில் கடல் மட்டம் கோடையின் தொடக்கத்தில் தாழ்ந்தும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உயர்ந்தும் நிற்கிறது. ஏழு மீட்டர் ஏறும் இடத்தில் 30 சென்டிமீட்டர் பிழை சிறியது. ஒரு மீட்டர் ஏறும் இடத்தில் அதே பிழை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆக அட்டவணையை மட்டும் நம்பி வேலை செய்யக்கூடாத கரை நம்முடையது.

பெரிய துறைமுகங்களில் ஓதமானிகள் இருக்கின்றன. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் அமைந்தது; ஓதமானிகளின் எண்ணிக்கையும் கூடியது. கப்பலின் மின்வரைபடத்திலேயே நீர்மட்டத்தையும் அடித்தட்டு இடைவெளியையும் காட்டுவதற்கான உலகத் தரங்கள் எஸ்-104, எஸ்-129 என்ற எண்களில் வந்துவிட்டன. என் கவலை பெரிய துறைமுகங்களைப் பற்றியதல்ல. மீன்பிடித் துறைமுகங்களையும் ஆற்று முகத்துவாரங்களையும் பற்றியது. வற்றும் நீர் வெளியே பாய்ந்து, உள்ளே வரும் அலையோடு மோதும்போது அலை குத்தென எழும்பும். முகத்துவாரத்தில் படகு கவிழ்வதற்கு அது ஒரு பெரிய காரணம். வலை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் திரும்புகிறவர்கள் இதைப் பட்டறிவால் நன்றாகவே அறிவார்கள். ஆனால் முகத்துவாரம் மணல் மூடி மாறும்போது, தூண்டில் வளைவு கட்டப்படும்போது, அந்தப் பட்டறிவுக்கும் அடிப்படை மாறிவிடுகிறது. அங்கே அளந்த எண் ஒன்றுகூட இருப்பதில்லை.

இந்த அரங்கில் இருக்கும் பொறியியல் கல்லூரி ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உங்களுக்கு அருகிலுள்ள மீன்பிடித் துறைமுகத்தில், அதிகாரிகளின் அனுமதியோடும் மீனவர் சங்கத்தின் துணையோடும், ஓர் அளவுகோலை நடுங்கள். அதன் சுழியை நில அளவைக் குறியோடு இணையுங்கள். ஓராண்டு இடைவிடாமல் அளந்து, எண்களை எல்லோரும் பார்க்கும்படி ஏலக்கூடத்துச் சுவரில் எழுதுங்கள். துறைமுக நிர்வாகங்களிடம் என் வேண்டுகோள்: கணித்த நீர்மட்டத்தை வெளியிடும் அதே பக்கத்தில், அளந்த நீர்மட்டத்தையும் மணிக்கு மணி வெளியிடுங்கள்.